சேவியர் ஒட்டிய டேப்

சேவியர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது பத்து பெரண்டாம் ஊர்ப் பசாரில், சந்தையில், மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். அழுகைக்கு முன்னால், 'இதிலும் எனக்கு முந்திக்கொண்டானே' என்றுதான் தோன்றியது. அவரை அறிந்த நண்பர்களே, மன்னியுங்கள். பதினைந்து வருடப் பொறாமை ஒரு நிமிடத்தில் போய்விடுமா?

லூபோக் சீனா என்ற ஊர்க்காரர். லோரி ஓட்டுநர். என்னைவிட நான்கு வயது இளையவர். பார்வை எனக்குத்தான் கூர்மை. இருந்தும் எங்கள் துப்பாக்கிக் கிளப்பில், அறுநூறு மீட்டர் தூரத்தில், அவருடைய குண்டுகள் ஒரு தேநீர்த் தட்டளவு இடத்தில் விழும். என்னுடையவை பலகை முழுக்க ஊர் சுற்றும்.

குப்புறப் படுத்துக் குறி பார்ப்பார். கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறப்பார். குறி விலகியிருந்தால் துப்பாக்கியைக் கையால் தள்ள மாட்டார். இடுப்போடு முழு உடம்பையும் நகர்த்திப் படுப்பார். ஒவ்வொரு குண்டுக்கும் இதே கூத்து. "கையால தள்ளினா, அடுத்த குண்டுக்கு கை மறந்துரும்லா," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளப்பில் எங்கள் இருவருக்கும் ஒரே துப்பாக்கி. ஒருநாள் அதன் கட்டையில், கன்னம் பதியும் இடத்தில், சிறு துணி டேப் ஒட்டினார். ஓகோ, இதுதான் அவர் ரகசியமா என்று நினைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து மாநிலக் குழுவில் ஒரே ஓர் இடம் காலியானது. தேர்வு நாள் காலை, யாரும் பார்க்காதபோது, டேப்பை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் முதலில் சுட்டார். வழக்கம்போல் தேநீர்த் தட்டு. அடுத்து நான். கன்னத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம். இரண்டு குண்டுகள் பலகையிலேயே படவில்லை. இடம் அவருக்குப் போனது.

திரும்பும்போது தம் லோரியில் என்னை ஏற்றிக்கொண்டார். நியாலாஸ் ஊரைத் தாண்டியது லோரி. பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"டேப்ப ஏண்ணே பிச்சீங்க? அது உங்களுக்கு ஒட்டினது. கன்னத்த மாத்தி மாத்தி வைக்கிறீங்க. வாயால சொன்னா கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அவர் இதை யாரிடமும் சொல்லவுமில்லை. அந்தப் பெருந்தன்மைதான் இன்றும் எனக்கு எரிச்சல்.

நேற்று மாதா கோயிலில் பெட்டியருகே நின்றேன். அங்கேயும் கச்சிதமாகப் படுத்திருந்தார். ஒரு குறை கிடைக்காதா என்று பார்த்தேன். பர்ஸில் அந்த டேப் இருந்தது, பசை காய்ந்து. அவரோடு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன்.

வைக்கவில்லை. எனக்கு ஒட்டியதை நான் ஏன் கொடுக்க வேண்டும்?