அப்பா தடம் கேட்ட கதை

எங்கள் அப்பாவை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனதற்கு நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆடாவது கேட்டைத் திறந்துவிட்டால் உள்ளே நுழையும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அம்மாவின் தம்பி லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு சிற்றூரில் இருந்தார். பள்ளி விடுமுறைக்கு சூலூரிலிருந்து நாங்கள் மூவரும் அந்த மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மொத்தம் பத்து நாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: லண்டனில் ஆற்றங்கரையில் நிற்கிற அந்தப் பெரிய ராட்டினம். ஒன்பதாம் நாள் நான்கு மணிக்கு மாமா டிக்கெட் எடுத்துவைத்திருந்தார். வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

மற்ற நாட்களெல்லாம் நடைதான். அந்த ஊரில் அடுத்தவர் நிலத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகள் போகின்றன. யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று பலகையே நட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பலகை போதாது. ஒவ்வொரு கேட்டிலும் நின்றுவிடுவார்.

"காட்டுக்காரரைக் கேக்காம எப்படிங்க மாப்ள காலெடுத்து வெக்கறது?" என்பார் மாமாவிடம். எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

கேட்பதற்கு ஆள் அகப்படாது. உடனே திரும்பி, தார்ரோட்டைச் சுற்றிக்கொண்டு நடப்போம். இங்கிலாந்தின் பசுமையை எல்லோரும் புகழ்கிறார்கள். நான் பார்த்தது பெரும்பாலும் தார்ரோடு.

ஒன்பதாம் நாள் மதியம், ரயிலுக்கு நேரமிருக்கிறது, சும்மா ஒரு நடை போய்வரலாம் என்று மாமா சொன்னார். என் போதாத காலம், அன்றைக்கென்று நிலத்துக்காரப் பெரியவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

"ரண்டு நிமிசம் அம்மணி. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்தர்றேன்" என்றார் என்னிடம்.

"ஏனுங்க, ரயிலு போயிருமுங்க. புள்ள மூஞ்சியப் பாருங்க" என்றார் அம்மா. யார் கேட்டது?

பெரியவர் சொன்னதை மாமா தமிழில் சொன்னார். "இந்தத் தடம் அவரு தாத்தன் காலத்துக்கும் முந்தியே இருக்குதாமுங்க மச்சான். நடக்கறவங்களைத் தடுக்க அவருக்கே உரிமை இல்லீங்களாமா."

"அப்பறம் கேட்டு எதுக்குங்க மாப்ள?"

"ஆடு வெளிய போகாம இருக்கத்தானுங்க. மனுசருக்கு இல்லியாமா."

அப்பா கேட்டின் தாழைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். நடந்தால் போதும் என்று நான் கையைப் பிடித்து இழுக்கிறேன், ஆள் அசையவில்லை. பெரியவர் டீக்குக் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டில் வேண்டாமென்று சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. சரி, ஒரு வாய் குடித்துவிட்டு எழலாம் அல்லவா? தடத்தை யாராவது அடைத்தால் என்ன ஆகும், அண்ணன் தம்பிக்குள் என்றால் என்ன செய்வார்கள் என்று அப்பா தோண்டித் தோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்து நாங்கள் ராட்டினத்தடிக்குப் போனபோது எங்கள் முறை முடிந்திருந்தது. இனி அன்றைக்கு இடமே இல்லை என்றார்கள். மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

அங்கேயே நின்று அழுதேன். அப்பா ஆற்றோரமாகத் தள்ளிப்போய் போனை எடுத்தார். யாரையோ பிடித்து டிக்கெட் வாங்கித் தரப்போகிறார் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்கண்ணா, நாந்தான் பேசறேன். அந்தக் கம்பிவேலிய நாளைக்கே புடுங்கச் சொல்லிப்போடறேன். உங்க வண்டி நம்ம காட்டு வழியாவே போகட்டுங்க."

பெரியப்பா! இங்கே என் ராட்டினம் போய்விட்டது, இவருக்கு வேலி. அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

பெரியப்பா தன் காட்டுக்குப் போக எங்கள் காட்டு வழியாக இருந்த தடத்தை அடைத்து அந்த வேலியைப் போட்டது அப்பாதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை என்பதும் தெரியாது. வேலை அதிகம், அதனால்தான் பெரியப்பா நம் வீட்டுக்கு வருவதில்லை என்று அம்மா சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அப்பா வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். ராட்டினம் ஏற முடியாத வருத்தம் அவருக்கும் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அவரைப் பாதி மன்னித்தேன்.