வரப்பில் அறுபத்து நான்கு எட்டு

என் தங்கை அனுசுயாவுக்கு அறுபத்தெட்டு வயது. தா.பழூர் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. கணவர் போன பிறகு பதினாறு வருடமாக அவளே பயிர் வைக்கிறாள். போன பங்குனியில் விழுந்தாள். வயலில் அல்ல, பாத்ரூமில். இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பயம் போகவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

சென்னையில் இருக்கும் மகன் முத்தமிழ்செல்வன் வந்தான். நிலத்தைக் குத்தகைக்கு விடப் பக்கத்து வயல்காரர் மாயவனிடம் பேசிவிட்டதாகவும், அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னான். அனுசுயா நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"பொரட்டாசி நடவுக்கு வா. கம்பு இல்லாம, ஆளு புடிக்காம வரப்புல நடந்து காட்டுறேன். முடியலன்னா ஒன்னோட வரேன்."

ஜெயங்கொண்டத்தில் பிசியோதெரபி பார்க்கும் கவிதா, வயதானவர்களுக்குத் தாய் சி என்ற சீன உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கிறார். விழாமல் நடக்கப் பழக்குவது அது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பஸ்ஸில் போனோம். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றிய பிறகே மற்றக் காலை எடுக்க வேண்டும். அனுசுயாவுக்கு வரவில்லை. நாற்பது வருடம் நாற்றுக்கட்டும் புல்லுக்கட்டும் சுமந்தவள். பாரத்தை மாற்று என்றதும் கை தானாகத் தலைக்குப் போய், இல்லாத கட்டைப் பிடித்தது. கழுத்து விறைத்தது, முழங்கால் மடங்கவில்லை. மூன்று வாரம் இதே கதை.

பிறகு பின்னால் எட்டு வைக்கும் பயிற்சி வந்தது. முதலில் விரல், அப்புறம் குதிகால், கடைசியில் பாரம். எல்லோரும் தடுமாறினார்கள். இவள் மட்டும் திரும்பிப் பார்க்காமல் பத்து எட்டு போனாள். கவிதா வியந்து கேட்டதற்கு, "நடவு நடுறவ பின்னாலதானம்மா போவா" என்றாள். அன்றைக்குக் கை தலைக்குப் போகவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு நெல் காயவைக்கும் களத்தில் பயிற்சி. பக்கத்து வீட்டு ஆண்டாயி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னடி, காத்துல கொசு ஓட்டுறியா?"

"இல்லடி, ஒன்னத்தான் ஓரமாத் தள்ளுறேன்."

கை அசைவு நிற்கவில்லை. இருபது வாரத்தில் வகுப்புக்குத் தவறியது இரண்டே நாள். இரண்டும் மழைக்குப் பஸ் வராத நாள்கள்.

புரட்டாசியில் மகன் வந்தான். முதல்நாள்தான் வரப்பு வெட்டிப் புதுச் சேறு அணைத்திருந்தார்கள். அளந்து பார்த்தேன், அகலம் பதினோரு அங்குலம். நடவு வயலுக்கு அவள் நடையில் அறுபத்து நான்கு எட்டு. காய்ந்த பிறகு நடக்கலாமே என்றேன். நடவு அதுவரை காத்திருக்குமா என்று கேட்டுவிட்டு இறங்கினாள்.

முப்பத்தேழாவது எட்டில் வலது கால் சறுக்கியது. மகன் பாய்ந்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வுடுங்க மாமா, வுழுந்துடப் போவுது."

அவள் முழங்காலை மடக்கினாள். பாரம் இடது காலில் நின்றது. சறுக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்தாள், விரல் முதலில், குதிகால் பிறகு. ஒரு மூச்சு விட்டு மறுபடி முன்னால் நடந்தாள். மிச்ச எட்டுகளையும் எண்ணினேன்.

சேற்றில் இறங்கி நாற்றுமுடியைப் பிரித்தவள் மகனைப் பார்த்தாள்.

"மாயவனுக்குப் போன் போடு. நெலம் குத்தகைக்கு இல்லன்னு சொல்லு. எங் காதுல வுழணும்."

அவன் போன் போட்டான். பேசி முடிக்கும் வரை நிமிர்ந்தே நின்றிருந்தாள். பிறகுதான் நாற்று நடக் குனிந்தாள்.