நாற்பத்தாறாம் குப்பி

என் பீரோவில், புடவைகளுக்கு நடுவே, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் குப்பி ஒன்று இருக்கிறது. காலிக் குப்பிதான். மேலே கறுப்பு மார்க்கரில் 46 என்று எழுதியிருக்கும்; என் கையெழுத்து. ஊசி நூல் போட்டு வைக்கலாமா என்று மருமகள் ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே எனக்கு மேலே மேடம். கடைநிலை ஊழியர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் எல்லாரிடமும் ஆங்கிலம். தன் கையின் உட்புறத்திலிருந்து கடுகளவு தோலை ஒரு டாக்டரைக் கொண்டு எடுக்கவைத்து, அந்தச் செல்களைக் குப்பியில் வளர்த்துவந்தார். குப்பி நிறைந்ததும் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைப் புதுக் குப்பிக்கு மாற்றி, எண்ணில் ஒன்று கூட்டி எழுதுவோம். நாற்பதைத் தாண்டினால் செல்கள் தளரும், பெருத்துத் தட்டையாகும், ஒரு நாள் பிரிவதையே நிறுத்திவிடும். செல்லுக்கும் வயசாகும் என்பதை அப்படித்தான் கண்ணால் பார்த்தேன். தன் தோல் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரிய வேண்டும், அதுதான் மேடத்தின் ஆசை. பக்கத்துத் தட்டில் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். அவற்றுக்கு எண் போடுவதையே விட்டுவிட்டோம்.

"நிக்கத் தெரிஞ்சதாலதான்மா நாம உயிரோட இருக்கோம். அந்தத் தட்டுல இருக்கறதுக்கு நிக்கத் தெரியாது" என்பார்.

காலையில் தோல், மதியம் கட்டி. செல்கள் வளர ஊற்றும் ஊட்டநீர் பாட்டில்களும் தனித்தனி. தோலுக்கு நீல டேப், கட்டிக்குச் சிவப்பு. கட்டிச் செல் ஒன்று பாட்டில் வழியாகத் தவறிப் போனாலும் போதும், சில வாரங்களில் குப்பி முழுக்க அதுதான் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மேடத்துக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது குப்பியில் 44. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நாள் காலையில் கரண்ட் இல்லை. தோல் வேலை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. பார்த்தால் நீல பாட்டில் காலி. புதிதாகக் கலக்க ஒரு மணி நேரம் ஆகும், பஸ் போய்விடும். சிவப்பு பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தெரிந்தேதான் ஊற்றினேன். ஒரு தடவையில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

நிற்க வேண்டிய குப்பி ஓடத் தொடங்கியது. 48, 50, 53. மேடம் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்து மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். நான் முன்பே பார்த்திருந்தேன்: சின்னச் சின்னதாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பக்கத்துத் தட்டில் இருப்பவை போலவே. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். தெரியவில்லை மேடம் என்றேன். பிளீச்சில் கொட்டச் சொன்னார். கொட்டினேன். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனது, சொல்லிவிட வேண்டும் என்றுதான். கஞ்சி குடித்தாரா, தூக்கம் வருகிறதா என்று ஏதேதோ விசாரித்துவிட்டு எழுந்தேன். அப்போது அவரே சொன்னார்.

"நைட்ரஜன் டேங்க்ல என்னோட செல்லு ஒரு டியூப் உறைய வச்சிருக்கேன், பத்தாம் நம்பர். எடுத்து வளர்த்துப் பாரு. இந்தத் தடவ நீல பாட்டில்."

சரி மேடம் என்றேன். அடுத்த வாரம் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, மதியம் கட்டிச் செல்களுக்கு ஊட்டநீர் மாற்றினேன்.

ஒரு வருடம் அந்த டியூபைத் தொடவில்லை. பிறகு எடுத்தேன். மேடம் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் தோல் என் முன்னால் பிரிந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட்டிருக்கலாம், துக்கப்பட்டிருக்கலாம். எனக்கு எண்ணில் ஒன்று கூட்டி எழுத மட்டும்தான் முடிந்தது. நீல பாட்டிலை வேறு யாரையும் தொடவிடவில்லை. 46-ல் செல்கள் தட்டையாகிக் கிடந்தன. ஒரு மாதம் பார்த்தேன், பிரியவில்லை. மேடத்தின் நோட்டில் அவர் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்த இடத்தில் அந்த எண்ணை எழுதினேன். குப்பியைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன மாதம் பீரோவை ஒழிக்கும்போது, இது யாருடையது என்று மருமகள் மறுபடி கேட்டாள். மேடத்துடையது என்று ஆரம்பித்து, சிவப்பு பாட்டில் வரை சொல்லிவிட்டேன். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பரவாயில்லை அத்தை, அவங்களுக்குத் தெரியவா போகுது என்றாள். தெரியும் என்றேன். குப்பியைத் துடைத்துப் புடவைகளுக்கு நடுவே திரும்ப வைத்தேன்.