தறித் துணி

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவான பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு. என்னையும் கூட்டிப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. யாராவது கேட்டால் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். வழியில் கேட்ட ஒரு அம்மாள் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "அய்யோ, அனலா கொதிக்குதே" என்று வருத்தப்பட்டாள். எனக்கு ஒன்றுமே இல்லை.

அக்காவுக்கு இரண்டு மாதமாக அரிப்பும் வெள்ளைப்படுதலும். இதை எழுத இந்த வயதில் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவள் நர்ஸம்மாவிடம் எப்படிச் சொன்னாளோ. நர்ஸம்மாவுக்கோ மெதுவாகப் பேசத் தெரியாது.

"பதினாலு மாத்திரை. ராத்திரி படுக்க சொல்ல உள்ள வெச்சிக்கணும். நடுவுல தூரமானாலும் நிறுத்தக் கூடாது. பாதியில வுட்டா திரும்பவும் வந்துடும், தெரியுதா? என்ன துணிம்மா வெச்சிக்கிற?"

அக்கா தரையைப் பார்த்தாள். "பழைய பொடவக் கிழிசல்தாம்மா" என்று அம்மா பதில் சொன்னாள்.

"மருந்துக் கடையில பாக்கெட்டு விக்குது, அத வாங்கிக் குடேன்."

"கடையில ஆம்பளைங்க இருக்காங்கம்மா."

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியானால் சாயமில்லாத வெள்ளை நூல் துணிதான் வேண்டும், வெளியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே எதையும் சொருகக் கூடாது, கொதிக்கிற தண்ணீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும் என்றாள். "ஈரத்தோட கட்டிக்கினு இருந்தா நான் குடுக்கிற மருந்து வீண்."

எங்கள் வீட்டில் அந்தத் துணிகள் குளியலறையில் விறகுக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில்தான் காயும். காயும் என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது. அவை ஒருநாளும் காய்ந்ததில்லை. கொல்லைப்புறம் நான்கு குடும்பங்களுக்குப் பொது. அங்கே மூங்கிலில் சாயம் தோய்த்த பட்டு நூல் தொங்கும், ஆண்கள் வந்து போவார்கள். "நூல் காயிற எடத்துலயா இதப் போடுவாங்க?" என்று அம்மா கேட்டதோடு வெயில் பேச்சு முடிந்தது. வெள்ளைத் துணிப் பேச்சும் நீளவில்லை. அப்பாவின் வேட்டியை அதற்காகக் கிழிப்பதை அம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஏழு இரவு மாத்திரை வைத்தாள். எட்டாம் நாள் காலையில் தூரமானாள்.

அந்த நாட்களில் அவள் பின்கட்டில் இருப்பாள், தறிப்பக்கம் வரக் கூடாது. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா ஒரு பக்கம் உட்கார, கரைக்கு ஊடுநூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள அக்காவின் இடத்தில் நான் உட்காருவேன். பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும்.

அன்று மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "எங்கனா வெள்ளத் துணி கெடைக்குமாடி?" என்றாள். குரல் அழுகிற குரலாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வெள்ளைத் துணி தறிக்கு மேல் மாடத்தில் இருந்தது. நெய்த பட்டில் தூசி படாமல் போர்த்துகிற துணி. ஒன்று தறியில் இருக்க, இன்னொன்று துவைத்து மடித்து விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆயுத பூஜையன்று நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தார்கள். அப்பா தூங்கும்போது எடுத்து, நான்காகக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏதுடி இது?"

"அம்மா குடுத்தாங்க."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் பொய்யைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். "வெயில்லயே காயப்போடச் சொன்னாங்க."

மறுநாள் காலையில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் தூங்கினேன்டி" என்றாள். வெந்நீரில் அலசிய இரண்டு துண்டுகளைக் கொல்லைக் கொடியில் நடுவாகப் போட்டாள். அவள் அப்படி நிமிர்ந்து கொல்லையில் நடந்து நான் பார்த்ததில்லை.

கை கழுவ வந்த அப்பா கொடியில் மஞ்சள் மூலைகளைப் பார்த்தார். அவர் கத்துகிறவர் இல்லை. "தறித் துணி இங்க எப்பிடி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அம்மா விழித்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன்.

"நான்தாம்பா எடுத்தேன்" என்றாள் அக்கா.

"தூரமானவ தறி மாடத்துல கைய வெச்சியா? சாமியா கும்புடுற தறிடி!" என்று அம்மா அலறியதில் நான்கு வீட்டுக்கும் கேட்டது. தறியை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். மூன்று நாள் அப்பா நாடாவைத் தொடவில்லை. துண்டுகளை அடுப்பில் போட்ட அம்மா, "இந்தக் கருமாந்தரத்தாலதான் எல்லாம்" என்று மீதி ஆறு மாத்திரையையும் அதிலேயே போட்டாள். விறகுக்குப் பின்னால் கிடந்த பழைய துணிகள் அவளிடம் திரும்பி வந்தன.

அடி விழாமல் தப்பித்த மகிழ்ச்சியில் நான் இரண்டு நாள் நல்ல பெண்ணாக இருந்தேன்.

கல்யாணம் குறித்தபடி நடந்தது. அக்கா வாலாஜாபாத் போனாள். ஆடிக்கு அழைத்து வந்தபோது இளைத்திருந்தாள். ஒரு மாதமும் என் பக்கத்தில்தான் படுத்தாள். ஆவணி பிறந்து மாமா கூட்டிப்போக வந்த அன்று, சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். "இன்னும் சரியாவலம்மா. அங்க என்னால முடியலம்மா" என்று மெல்லச் சொன்னாள். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "எல்லாருக்கும் அப்படித்தான். போகப் போக சரியாயிடும்."

மாமா வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். என்னை விட்டுப் பிரிய முடியாமல்தான் அக்கா அப்படி அழுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.