மிஹ்ராபுக்கு இடப்பக்கம்

சித்தூருக்கு வந்த புதிதில், எங்கள் தெருப் பள்ளிவாசலைக் கட்டிய கொத்தனார் அன்றைக்கு நிதானத்தில் இல்லை என்று மனதார நம்பினேன். தெரு நேராகப் போகிறது. கடைகள் நேராக நிற்கின்றன. பள்ளிவாசல் மட்டும், யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டதைப் போல் கோணிக்கொண்டு நிற்கிறது. மதிலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே மிஞ்சிய முக்கோணத்தில் செருப்புகளும் ஒரு மாதுளைச் செடியும். கீழக்கரையில் இதைப் படிக்கும் மச்சான்மார் சிரிப்பது கேட்கிறது. பள்ளி கிப்லாவை, மக்காவில் கஅபா இருக்கும் திசையை, நோக்கித்தானே நிற்கும். தெருவைப் பார்த்தா நிற்கும்? ஐம்பதை நெருங்கும் தொழுகையாளிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நம் ஊரில் பள்ளியைக் கட்டிவிட்டு அதை ஒட்டித் தெருவைப் போட்டிருக்கிறார்கள். அதனால் திரும்பி நிற்பது பள்ளியா தெருவா என்று யோசிக்க எனக்கு வாய்ப்பே வரவில்லை.

நம் ஊரில் சபராளி என்றால் கப்பலோ விமானமோ ஏறிப் போனவன். நான் காட்பாடியில் ரயிலை விட்டிறங்கி பஸ் பிடித்து, சித்தூரில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்கும் சபராளி. துபாய்க்குப் போன என் தம்பியைவிட நான்தான் தூரமாக வந்துவிட்டேன் என்று சில நாள் தோன்றும். இங்கே முஸ்லிம் என்றால் வீட்டில் உருது. முதல் வெள்ளிக்கிழமை நான் தமிழில் பேசியதும் முத்தவல்லி, பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் பெரியவர், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ்! இஸ்லாத்துக்குப் புதுசா வந்துகிறீங்களா பாய்?"

"இல்லீங்க, எங்க வாப்பாவோட வாப்பாவும் முஸ்லிம்தான்."

"குடும்பத்தோடவே வந்துட்டாங்களா!" என்று இன்னும் இறுக்கினார். மூச்சு முட்டியதால் மறுக்கவில்லை. அன்றிலிருந்து நான் 'தமிழ் பாய்'.

கட்டடமும் எனக்கு அந்நியமாகத்தான் இருந்தது. நம் ஊர்ப் பள்ளி கருங்கல் மண்டபம். தூண்களில் யாளியும் தெய்வமும் செதுக்கிப் பழகிய உளிகள் அங்கே பூவும் மொட்டும் கொடியும் செதுக்கி, அதற்குமேல் ஓர் உருவத்துக்கும் போகாமல் நின்றிருக்கும். இங்கே வெங்காயக் கும்மட்டம், பச்சை மினாரா, அதைச் சுற்றி ட்யூப் லைட். உள்ளே போனால்தான் எனக்கு வீடு. கிப்லாச் சுவரின் நடுவில் இமாம் நின்று தொழவைக்கும் மாடம், மிஹ்ராப், பழைய சுண்ணாம்பு வேலை. விளிம்பில் ஒரு கொடி ஏறுகிறது. பாதி வழியில் அதன் இலைகள் அரபி எழுத்தாகி, கலிமாவை, இறைவன் ஒருவனே என்ற உறுதிமொழியை, முழுதாகச் சொல்லி, மறுபடி இலையாகி இறங்குகின்றன. எது இலை, எது எழுத்து என்று பிரிக்க முடியாது. மாடத்துக்குள்ளே ஒன்றுமில்லை. அல்லாஹ்வுக்கு உருவம் இல்லை என்பதை எத்தனையோ பயான் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். அந்த வெறும் மாடத்தின் எதிரில் நிற்கும்போதுதான் அது எனக்குப் புரிந்த மாதிரி இருக்கும். என் உருது தெரியாத வாய்க்கும் அங்கே வேலை இல்லை.

போன வருடம் உள்ளே வெள்ளையடித்துப் புது விரிப்புப் போட முடிவானது. அப்போது, சும்மா இருக்க முடியாத என் விரல், போனில் கிப்லா காட்டும் ஆப்பைத் திறந்தது. அம்பு மிஹ்ராபைக் காட்டவில்லை. இடப்பக்கம் நன்றாகத் தள்ளி ஜன்னலைக் காட்டியது. நம் ஷாஃபி மத்ஹபில், நாம் பின்பற்றும் சட்டப் பிரிவில், குறியே கஅபாவுக்கு நேராக இருக்கவேண்டும் என்பார்கள். இத்தனை காலத் தொழுகையும் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். அவர் தன் போனை எடுத்தார், அதுவும் ஜன்னல். இன்னொருவர், அதுவும் ஏறக்குறைய ஜன்னல். ஹஸ்ரத், எங்கள் இமாம், "இங்க நாம ஷாஃபி இல்ல, ஹனஃபி. மொத்தத்துல திசை இருந்தா போதும்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கமிட்டி கூடியது. பழைய மிஹ்ராபை இடித்துவிட்டு ஜன்னல் பக்கம் புதிது கட்டுவது, விரிப்பை அதற்கேற்பச் சாய்த்துப் போடுவது என்று முடிவு. கொத்தனார் முனிரத்தினம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா தமிழ் பாய், செவுரு இன்னா ஆட்டோவா, ஒடிச்சி திருப்பிக்கினு போறதுக்கு? நாலு அடி போட்டா போச்சி. அப்பால 'அய்யோ'ன்னு வந்து நிக்காதே."

'அய்யோ' என்று நிற்கும் நாள் சீக்கிரமே வந்தது. கடையில் ஒருவர் என் போனின் கவரைக் காட்டி அதே நிறம் கேட்டார். கையிருப்பு இல்லை, கழற்றிக் கொடுத்துவிட்டேன். வெறும் போனோடு அஸர் தொழுகைக்குப் போய், பழக்கதோஷத்தில் ஆப்பைத் திறந்தேன். அம்பு மிஹ்ராபின் நடு மாடத்தில் போய் நின்றது. கவரின் மூடியை 'டப்' என்று ஒட்டவைக்கும் காந்தம்தான் இத்தனை நாள் திசைகாட்டியை இழுத்திருக்கிறது. சாட்சி சொன்ன மற்ற போன்களுக்கும் அதே கவர். எல்லாம் என் கடைச் சரக்கு. தெருவை அலட்சியம் செய்து கட்டடத்தைத் திருப்பிய அந்தப் பழைய கொத்தனார் முழு நிதானத்தில்தான் இருந்திருக்கிறார்.

முத்தவல்லியிடம் ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, எடுக்கவில்லை. தொழ வந்த ஒருவரின் கவரை வாங்கி, என் போனுக்கு மாட்டியும் கழற்றியும் மந்திரவாதி போலக் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"போன வாரம் இந்தப் பக்கம்னே. இப்போ அந்தப் பக்கம்ன்றே. அடுத்த வாரம் சார்ஜர் வயர காட்டி மேல பாக்க சொல்லுவியா?"

"சாப், இடிச்சிராதீங்க சாப். உங்க காலப் பிடிக்கிறேன்."

"கால வுடு மொதல்ல. ஊரே சிரிக்கும்பா. கார்ப்பெட்ட சாய்வா வெட்டிட்டாங்க, கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

"ஆனா திசை தப்பாச்சே!"

"ஹஸ்ரத் இன்னா சொன்னாரு? மொத்தத்துல திசை இருந்தா போதும். ஜன்னலும் அந்த திசைதான்."

அன்று யாரும் கேட்காத அந்தப் பெருந்தன்மையான தீர்ப்பு, இன்று எனக்கு எதிராக முழு வேகத்தில் வேலை செய்தது. பக்கத்தில் நின்ற ஹஸ்ரத்தைப் பார்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு மாதுளைச் செடியைப் பார்த்தார்.

மிஹ்ராபை இடிக்கவில்லை. நான் கெஞ்சியதாலா, முனிரத்தினத்துக்குத் திருப்பதியில் வேறு வேலை வந்ததாலா என்று தெரியாது. வெறும் மாடம் ஒரு பக்கமும் வரிசை ஒரு பக்கமுமாக இருந்தால் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள் என்று, அதன் முன்னால் குர்ஆன் அடுக்கும் மர அலமாரியை நகர்த்தி வைத்தார்கள். கொடியில் மேல் வளைவு மட்டும் தெரிகிறது. இமாம் ஜன்னலைப் பார்த்து நிற்கிறார். நான் வரிசையில் அவர்களோடு தோள் சேர்த்து ஜன்னலைப் பார்த்துத் தொழுகிறேன். பிறகு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, திசையைத் திருத்தி அதே தொழுகையைத் தனியாக இன்னொரு முறை தொழுகிறேன்.