நகர்ந்த பாலம்

அப்பாவை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப்போயிருந்தார்கள். வெளியே சுவரில் எங்கள் ஆற்றுப்பாலம். செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த ஓவியம். வளைவுகளுக்கு அடியில் வெள்ளத்தை மயிரிழைக் கோடுகளாலேயே ஓடவிட்டிருந்தார் ஓவியர். அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலம் நகரத் தொடங்கியது.

ஏழு வயதில் அப்பாவோடு வெள்ளம் பார்க்கப் போனேன். ஊரே பாலத்தில் நின்றது. சேற்று வாடையோடு சுழித்தோடிய செந்நீரையே குனிந்து பார்த்தவள், "அப்பா, பாலம் போகுது" என்று அழுதேன்.

"பாலம் இங்கனதான் நிக்குது. தண்ணிதான் ஓடுது. கீழ பாக்காதட்டி, அக்கரையப் பாரு" என்று சிரித்தார். ஆனால் அவர் இறுக்கிப் பிடித்திருந்த என் மணிக்கட்டு சாயங்காலம்வரை சிவந்திருந்தது.

கதவு திறந்தது. "ஒண்ணும் இருக்காதுட்டி" என்று சிரித்துக்கொண்டே வந்த அப்பா, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

வலித்தது.