மாமியார் சாவுக்கு வராத கண்ணீர்

தம்பி கொடுத்த ஸ்டெம் செல்லால்தான் ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்தேன். "தம்பியோட செல்லு உங்க கண்ணையே வேத்தாளுனு நெனச்சுக் கெடுக்கலாம்மா. வலி இல்லாட்டியும் கண் டாக்டரைப் பாருங்க. வெயில், தூசில கண்ணாடி போடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கறுப்புக் கண்ணாடி போட்டேன். அறுப்பு வயலில், "அக்கா கட்சித் தலைவராயிட்டாங்க, கையாட்டுங்க" என்றார்கள். நானும் ஆட்டினேன். கண் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. வலிக்காத கண்ணுக்கு எதற்கு பஸ் ஏறுவது?

பிறகு மாமியார் இறந்தார். ஒப்பாரியில் என்னை மிஞ்சத் திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் ஆளில்லை. அன்றைக்கும் நெஞ்சு வெடிக்கத்தான் அழுதேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"எங்கம்மாவுக்கு அண்ணி பாட்டுதான் படிக்கிறாங்க. கண்ணு காஞ்சு கெடக்கு பாரு" என்றாள் நாத்தனார்.

கோபம் வரவில்லை, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டாம் நாளே தஞ்சாவூருக்குப் போனேன். கண் டாக்டர் இமையோரம் சின்னக் காகிதத்தைச் சொருகி, கண்ணீரை அளந்தார்.

"ரொம்பக் கொறஞ்சிருக்கு. கருவிழி புண்ணாகறதுக்குள்ள வந்துட்டீங்க. சொட்டு மருந்தை விடாம போட்டா பார்வைக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

வரும்போது ஒரு சீப்புப் பழம் வாங்கி நாத்தனாரிடம் நீட்டினேன்.

"எதுக்கு அண்ணி?"

"நீ ஏசினதுக்குத்தான்டி. தின்னு."